ஜல்லிப் பாதைக்கு பிளாக் ஓரம்: இரண்டாவது முயற்சி

முதல் முயற்சியில் மணலைப் பரப்பி, பேவர் பிளாக்குகளை வரிசையாக நட்டு, வெளிப்பக்கம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கார் சக்கரம் நாலைந்து முறை ஓரத்தில் ஏறி இறங்கியதும் பிளாக்குகள் ஆடும் பல்லாகிவிட்டன. ஜல்லி பாதி புல்லுக்குள் போய்விட்டது.

சரி, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். முக்கால் அடி அகலம், 8 அங்குல ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, அடியைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினேன். கீழே 4 அங்குலம் கான்கிரீட், அதன்மேல் குத்துவாட்டில் நிற்கும் பிளாக் 4 அங்குலம். கலவை 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி). தண்ணீர் குறைவாகத்தான் சேர்த்தேன். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. தளதளவென்று இருந்தால் பிளாக் தன் எடையிலேயே புதைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் தீர்கிற அளவுக்கு மேல் குழைக்கவில்லை.

நூல் கட்டியதில்தான் ஏமாந்தேன். பத்து பிளாக் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், வரிசை லேசாக வயிறு தள்ளியிருக்கிறது. நூல் நேராகத்தானே இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். நான்காவது பிளாக்கின் விளிம்பு நூலைத் தொட்டு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த பிளாக்கெல்லாம் அந்தக் கோணல் நூலைப் பார்த்தே உட்கார்ந்துவிட்டன. நான்காவதிலிருந்து ஏழு பிளாக்கையும் எடுத்து மறுபடி வைத்தேன், இந்த முறை நூலுக்கும் பிளாக்குக்கும் நடுவே தீக்குச்சி கனம் இடைவெளி விட்டு. ரப்பர் சுத்தியலால் தட்டி, மூன்று பிளாக்குக்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.

வளைவில் முழு பிளாக் வைத்தால் வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் வாய் பிளக்கிறது. பாதியாக வெட்டி வைத்ததும் சந்து குறைந்தது. கிரைண்டரில் வெட்டும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும், முகக்கவசமும் வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அப்புறம் முதல் முறை நான் விட்டுவிட்ட வேலை: வெளிப்பக்கம் முட்டுக் கொடுப்பது. பிளாக் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை கான்கிரீட்டை அணைத்து, கரணையால் சரிவாக இழுத்துவிட்டேன். மேலே மண் போட்டால் புல் முளைக்க இடம் இருக்கிறது. சக்கரம் பக்கவாட்டில் தள்ளும்போது தாங்குவது இந்த முட்டுதான்.

ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்தேன், காரை உள்ளே விடவில்லை. எட்டாம் நாள் ஒவ்வொரு பிளாக்காகக் காலால் உதைத்துப் பார்த்தேன், எதுவும் அசையவில்லை. 20 மி.மீ. ஜல்லியை 2 அங்குலம் பரப்பி, பிளாக் தலைக்கு அரை அங்குலம் கீழே நிறுத்தியிருக்கிறேன். கடைசியிலிருந்து மூன்றாவது பிளாக் மட்டும் 3 மி.மீ. தூக்கி நிற்கிறது. கான்கிரீட் இறுகிய பிறகுதான் கண்ணில் பட்டது. அது அப்படியே இருக்கட்டும்.