எட்டு முழ வேட்டியில் ஒரு பகல்

இரவு எட்டு மணிக்கு, வீட்டுக் கூடத்தில், பிற்பகல் மூன்று மணியை உண்டாக்க வேண்டும். இதுதான் இந்த மாதம் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட வீட்டுப்பாடம். கேமராவில் எடுக்கவேண்டிய காட்சி மிகச் சிறியது: முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் அம்மா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறார். எங்கள் வாடகை வீட்டில் முற்றம் இல்லை. வானமும் இல்லை.

யோசனை ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுடையது. 1956இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீடு ஒன்றின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் அரங்கமாக (செட்டாக) போட்டார்கள். அந்த மாதிரி வீட்டுக்குள் வெயில் நேராக இறங்குவது அரிது; மேலே தெரியும் துண்டு வானம்தான் விளக்கு. மித்ரா அரங்கத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி இறங்கும் ஒளியில் படமெடுத்தார். விளக்கை நேராக அடித்தால் சுவரில் நிழல் கூர்மையாக விழுந்து 'இது அரங்கம்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்தது. முதல் ஞாயிறு இரண்டு விளக்குகளை நேராக வைத்துத்தான் எடுத்தேன். அம்மாவுக்குப் பின்னால் இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். போதாக்குறைக்குத் திரையில் கறுப்புப் பட்டைகள் வேறு ஓடின. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு எல்இடி விளக்கு அதற்கேற்ப நொடிக்கு 100 முறை துடிக்கிறது. கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/60 நொடியிலிருந்து 1/50 நொடிக்கு (சரியாக இரண்டு துடிப்பு) மாற்றியதும் பட்டைகள் போய்விட்டன. நிழல்கள் போகவில்லை.

இரண்டாம் ஞாயிறு அப்பாவின் எட்டு முழ வேட்டியைப் பரணுக்கும் ஜன்னல் கம்பிக்குமாக இழுத்துக் கட்டினேன். 50 வாட் ஃபிளட் லைட்டைத் தரையில் மல்லாக்க வைத்தேன். (கொதிக்கும் ஹாலோஜனாக இருந்தால் துணிக்கு இத்தனை பக்கத்தில் வைத்திருக்க மாட்டேன்.) அதன் ஒளி நேராக அம்மாமீது படாமலிருக்க ஓர் அட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்துத் தடுப்பாக நிறுத்தினேன். நிழல் கரைந்துபோனது. கூடவே வெளிச்சமும். கேமராவின் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்திறனை, ஏற்றினால் படமெங்கும் மணல் தூவியதுபோல் ஆகிறது. அதனால் வேட்டியை இரண்டடி இறக்கினேன். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்ற பள்ளிக்கூடக் கணக்கு புள்ளி போன்ற விளக்குக்குத்தான் பொருந்தும். வேட்டி மாதிரி அகன்ற பரப்புக்கு அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் போதுமான அளவு கிடைத்தது.

ஆனால் அம்மா நோயாளிபோல் தெரிந்தார். வேட்டியில் நீலம்! வாரந்தோறும் சொட்டு நீலம் போட்டு அலசுபவரே அவர்தான். வேட்டிக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்து கேமராவுக்கு 'இதுதான் வெள்ளை' என்று காட்டி ஒயிட் பேலன்ஸை வைத்ததும் அந்த நீலம் தீர்ந்தது. இடது தாடையில் மட்டும் ஏதோ பச்சை மிச்சமிருந்தது. அது வீட்டுக்காரர் அடித்த பிஸ்தா நிறச் சுவர்.

சுவரை மறைக்கக் கையில் கிடைத்தது அப்பா சபரிமலைக்குக் கட்டும் கறுப்பு வேட்டி. அதை அம்மாவின் இடப்பக்கம் தொங்கவிட்டபோதுதான் முகத்துக்கு உருவம் வந்தது. பச்சை போனதோடு, அந்தக் கன்னம் மெல்ல இருண்டு, மூக்கும் தாடையும் எழுந்து நின்றன. அதுவரை முகம் தட்டில் வைத்த இட்லிபோல் தட்டையாக இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்றாவது விளக்கு வாங்க மனதில் போட்டிருந்த கணக்கை அன்றே அழித்துவிட்டேன்.

மேலிருந்து மட்டும் ஒளி இறங்குவதால் கண்குழிகள் இருண்டுவிடும் என்று, கீழிருந்து ஒளியைத் திருப்பியடிக்கத் தெர்மாகோல் அட்டை ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. அம்மா குனிந்து முறத்தை முகத்தருகே கொண்டுவரும்போதெல்லாம் கண்களில் வெளிச்சம் ஏறியது, நிமிர்ந்ததும் இறங்கியது. அரிசியேதான் தெர்மாகோலாக வேலை செய்திருக்கிறது. அன்று இருந்தது பச்சரிசி. புழுங்கலாக இருந்திருந்தால் சற்றே மஞ்சளடித்திருக்கும்.

நாலாவது டேக்கில், "இதில் கல்லே இல்லை, எத்தனை தடவை பொறுக்குவது?" என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்துபோய்விட்டார். அடுத்த ஞாயிறு தோலோடு கூடிய கறுப்பு உளுந்தைக் கொடுத்து உட்காரவைக்க வேண்டும். கண்கள் அணைந்துபோகும் என்று நினைக்கிறேன்.