செவ்வாயில் குறுவை

ஜோதிட நூல்களும் சமையல் குறிப்புகளும் எடிட் செய்துகொண்டிருந்த என்னைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று அறிவியல் புனைகதைக்கு எடுத்துக்கொண்டது. வீட்டிலிருந்தே வேலை. வீடு திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. "மருமவளுக்கு ராக்கெட் கம்பெனியில வேலை" என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை. ஜோதிடப் புத்தகம் திருத்தியபோது இந்த மரியாதை கிடைக்கவில்லையே!

முதலில் வந்த நாவலே செவ்வாய்க் கிரகத்தில் நெல் விவசாயம். கரண்டை நம்ப முடியாத ஊர் என்பதால் பிரிண்ட் எடுத்துத் திண்ணையில் வைத்திருந்தேன். சோறு வடித்துவிட்டு வருவதற்குள் மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையில் என் சிவப்புப் பேனா.

"ஏம்மா, இந்த ஆளு வயல்ல கால வச்சிருக்கானா?"

நாயகன் 40 நாளில் அறுத்துவிடுகிறான். அங்கே ஈர்ப்பு விசை குறைவு என்பது காரணம். பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான், அதுவரை சரி.

"ஏடிடி 43 நெல்லே 110 நாளு. எடை கொறஞ்சா கதிரு சீக்கிரம் முத்திருமா?"

என் கவலை வேறு. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. திறந்தவெளியில் நடவு வயலுக்குத் தண்ணீர் கட்டினால் நிற்காது, ஆவியாகிவிடும். கூடாரம் போடச் சொல்ல வேண்டும். மண்ணிலும் வில்லங்கம். 2008-இல் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் அங்கே பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டுபிடித்தது. அதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்தார்.

"உப்பு மண்ணா? நல்ல தண்ணிய நிறுத்தி நிறுத்தி வடிச்சு விடணும். வடிகால் எங்கன்னு எழுதியிருக்கானா?"

பெர்குளோரேட் தண்ணீரில் கரையக்கூடியது. கழுவி எடுப்பதைத்தான் விஞ்ஞானிகளும் ஒரு வழியாகச் சொல்கிறார்கள். மாமாவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பேனா திரும்பி வராது.

அடுத்த அத்தியாயத்தில் நாயகன் மன்னார்குடியில் இருக்கும் தன் அம்மாவிடம் போனில் மணிக்கணக்கில் அரட்டை அடிக்கிறான். செவ்வாயிலிருந்து சிக்னல் இங்கே வரவே தூரத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்று ஓரத்தில் குறித்தேன்.

"இருபத்திரண்டு நிமிஷந்தானா? மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தா கல்லணைக்கே மூணு நாலு நாளு. நம்ம வாய்க்காலுக்கு எப்பன்னு எவனும் சொல்லமாட்டான். செவ்வா எவ்வளவோ தேவல."

எழுத்தாளருக்கும் மன்னார்குடிதான். அவரிடம் போனில் பேசினேன். "மேடம், அது கற்பனை" என்றார். கற்பனைக்கும் வடிகால் வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மன்னார்குடிக்கே செவ்வாய் தூரம் வந்துவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மனுஷர் நல்லவர். கூடாரம் போட்டார், வடிகால் வெட்டினார், பயிர்க்காலத்தையும் 110 செவ்வாய் நாளாக மாற்றி அனுப்பினார். மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"அங்க ஒரு நாளு எவ்வளவு?"

"நம்ம நாளைவிட 39 நிமிஷம் கூட, மாமா."

காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தார்.

"அப்ப மொத்தத்துல மூணு நாளு தள்ளிப்போவுது. அறுப்பு மிஷின்காரன் அதுவரைக்கும் நிப்பானா? அடுத்த ஊருக்கு ஓடிருவான். கேட்டுச் சொல்லு."