போடிமெட்டு ஏற்றத்தில் சிந்தாத கஞ்சிவாளி

போடியிலிருந்து மலைமேல் கேரளத்தில் இருக்கும் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் ஜீப் ஓட்டுகிறேன். அப்பா அங்கே ஒரு தோட்டத்தில் ஏலக்காய் ஸ்டோர், அதாவது பச்சைக் காயை நெருப்புச் சூட்டில் உலர்த்தும் கூடம், பார்க்கிறார். காய் வரத்து இருக்கும் மாதங்களில் ஸ்டோர் நெருப்பை விட்டு அவரால் கீழே இறங்க முடியாது. போன வருஷம் அவருக்கு வயிற்றுப் புண் வந்தது. காரம், புளி எதுவும் கூடாது, வேளைக்கு இளஞ்சூடாகக் கஞ்சியும் மோரும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அம்மா விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து நொய்க்கஞ்சி காய்ச்சி, பெரிய தூக்குவாளியில் ஊற்றி என் ஜீப்பில் வைப்பார். பிளாஸ்க்கில் கொடுத்தும் பார்த்தோம். குறுகிய வாய்க்குள் பருக்கை ஒட்டிக்கொண்டு எவ்வளவு கழுவினாலும் வாடை போகவில்லை. அப்பா ரெண்டே நாளில் வேண்டாம் என்றுவிட்டார்.

முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கும். போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். வாளி மேலே போய்ச் சேரும்போது முக்கால்தான் இருக்கும், மீதி ஜீப் தரையில். ஆடி மாதம் ஒருநாள் நடுச்சீட்டில் இருந்த அக்கா ஒருவர், "குடு தம்பி, நான் மடியில வச்சுக்கிறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். ஐந்தாவது வளைவில் மூடி எகிறி, கொதிக்கிற கஞ்சி அவர் முழங்காலில் விழுந்தது. கொப்புளம் ஆறப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவருக்குக் கூலி இல்லை. இதற்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் செய்தது பிரிமணை. பாட்டி வீட்டில் மண்பானை உருளாமல் இருக்க வைக்கோல் பிரியைச் சுற்றி வைத்திருப்பார்களே, அதேதான். நான் பழைய சைக்கிள் டயரை வாளியின் அடி அளவுக்கு வளைத்துக் கட்டி, ஒரு பலகையில் ஆணி அடித்து, பலகையை ஜீப் தரையில் போல்ட் போட்டு முடுக்கினேன். வாளி ஒரு நாளும் கவிழவில்லை. ஆனால் கஞ்சி சிந்துவது கொஞ்சமும் குறையவில்லை.

கவிழ்வதும் தளும்புவதும் வேறு வேறு விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது. கவிழாமல் இருக்க அடி அகலமாகவும் கனம் கீழாகவும் இருந்தால் போதும். அடி 5 செ.மீ. அகலமும், கனத்தின் மையம் 5 செ.மீ. உயரமும் உள்ள டம்ளர் சுமார் 26 டிகிரி சாயும் வரை தாங்கும். தளும்பல் அப்படி இல்லை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஜீப் திரும்பினால் பக்கவாட்டில் இழுக்கும் முடுக்கம் புவியீர்ப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வாளிக்குள் இருக்கும் கஞ்சிக்கு அப்போது "கீழ்" என்பது நேர் கீழே இல்லை, 17 டிகிரி போலச் சாய்ந்திருக்கிறது. வாளியை அசையாமல் பிடித்து வைத்தால் கஞ்சியின் மட்டம் மட்டும் சாய்கிறது. 14 செ.மீ. அகல வாளியில் ஒரு ஓரம் 2 செ.மீ.க்கு மேல் ஏறிவிடும். வாளியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு நிச்சயமாகச் சிந்தும். மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்திருந்த அக்காவுக்கு நடந்ததும் இதுதான்.

அப்படியானால் கஞ்சி சாயும்போது வாளியும் கூடவே சாய வேண்டும். அதற்குப் பெரிய யோசனை எதுவும் தேவைப்படவில்லை, உறி ஞாபகத்துக்கு வந்தது. நைலான் கயிற்றில் மூன்று புரி உறி பின்னி, ஜீப்பின் மேல்கம்பியில் கட்டி வாளியை அதில் வைத்தேன். அடியில் வெள்ளைத் துண்டு விரித்து, கஞ்சிக்குப் பதில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாமல் போடிமெட்டு வரை போய் வந்தேன். துண்டில் ஆறேழு மஞ்சள் புள்ளிதான். அத்தனை சந்தோஷம் எனக்கு.

மறுநாள் ஆட்களோடு போனபோதுதான் உறியின் குறை தெரிந்தது. கயிறு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நீளத்தில் ஒரு ஆட்டம் போய்த் திரும்ப ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அடுத்தடுத்து வளைவு வரும் இடத்தில் முந்தின ஆட்டம் அடங்கும் முன்பே அடுத்த தள்ளு விழுகிறது. ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி வீச்சு கூடிக்கொண்டே போய், வாளி இந்தப் பக்கம் ஒருவர் தோளிலும் அந்தப் பக்கம் கம்பியிலும் இடித்தது. இத்தனைக்கும் ஆடும்போது கஞ்சி சிந்தவில்லை, இடிக்கும்போதுதான் சிந்தியது. டீக்கடைப் பையன் கம்பித் தாங்கியில் ஏழெட்டு கிளாஸோடு கையை வீசி நடக்கிறானே, அவன் கிளாஸ்கள் சிந்தாததற்கும் இதே காரணம்தான். தொங்கும் பொருளை மேலிருந்து இழுக்கும் விசை எப்போதும் அதன் நடுவாகவே போகிறது. எந்தப் பக்கம் ஆடினாலும் உள்ளே இருக்கும் நீருக்கு அடிப்பக்கம்தான் "கீழ்".

சரி, தொங்கத்தான் வேண்டும், ஆனால் கயிறு கூடாது. வாளிக்குத்தான் கைப்பிடி இருக்கிறதே, அதை ஒரு கொக்கியில் இறுக்கி மாட்டினால் என்ன என்று அதையும் பார்த்தேன். கைப்பிடி ரெண்டு காதிலும் சுழல்வதால் முன்னும் பின்னும் அழகாக ஆடியது. பிரேக் அடித்தால் ஒரு சொட்டு சிந்தவில்லை. வளைவில் மட்டும் ஊற்றியது, ஏனென்றால் பக்கவாட்டில் அதற்கு அசைவே இல்லை.

இந்த இடத்தில் ரெண்டு வாரம் அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் ஜீப்பில் கடகடவென்று சத்தம் வந்து பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் அண்ணன் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி, அதன் மடங்கும் இணைப்பில் இருக்கும் தேய்ந்த யூஜே கிராஸை என் கையில் கொடுத்தார். கூட்டல் குறி மாதிரி நாலு கை. எதிரெதிரே இருக்கும் ரெண்டு கை ஒரு கவையைப் பிடிக்கிறது, மற்ற ரெண்டு கை அடுத்த கவையைப் பிடிக்கிறது. ஒரு ஜோடி ஒரு திசையில் மடங்கும், மற்ற ஜோடி குறுக்கே மடங்கும். ரெண்டும் சேர்ந்தால் எந்தத் திசையிலும் மடங்கும். கிரீஸ் படிந்த கையோடு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன். தேடிக்கொண்டிருந்தது தினமும் என் காலடியில்தான் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது.

வளையத்துக்குள் வளையமாக இதைச் செய்தால் அதற்கு கிம்பல் என்று பேர். ரொம்பப் பழைய சங்கதி. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ஃபிலோ என்ற கிரேக்கர், எப்படித் திருப்பினாலும் மை சிந்தாத மைக்கூட்டை இந்த முறையில் விவரித்திருக்கிறார். கப்பலில் திசைகாட்டியையும் அடுப்பையும் இப்படித்தான் மாட்டுவார்கள். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் இருந்த கார்டானோ இதைப் பற்றி எழுதியதால், ஜீப்பின் அந்த ஷாஃப்டுக்கும் ஐரோப்பாவில் கார்டன் ஷாஃப்ட் என்று பேர் நின்றுவிட்டது. கப்பலுக்குக் கடல் எப்படியோ, எங்களுக்குப் போடிமெட்டு அப்படி.

வளையத்துக்கு அம்மாவின் பழைய சல்லடைகள் ரெண்டை எடுத்துக்கொண்டேன், ஒன்று 16 செ.மீ., இன்னொன்று 20 செ.மீ. ரெண்டுமே வலை கிழிந்தவை. சின்ன வளையத்திலிருந்து மூன்று பட்டைத் தகடு இறக்கி, கீழே ஒரு தட்டு வைத்துக் கூடை மாதிரி ஆக்கினேன். வாளி அதற்குள் உட்காரும். சின்ன வளையம் பெரிய வளையத்தில் ரெண்டு போல்ட்டில் ஆடும். பெரிய வளையம் அதற்குக் குறுக்கே ரெண்டு போல்ட்டில், ஜீப்பில் மாட்டிய சட்டத்தில் ஆடும். சல்லடைத் தகடு மெல்லிசு என்பதால் போல்ட் ஓட்டை பத்து நாளில் முட்டை வடிவமாகத் தேய்ந்து லொடலொடத்தது. ஓட்டை மேல் தடித்த வாஷர் வைத்துப் பற்றவைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

போல்ட் எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதில்தான் நிறைய நேரம் போனது. வாளியின் பாதி உயரத்தில் வைத்தபோது, நிறையக் கஞ்சி இருந்தால் அது நிமிரவே யோசித்தது, ஒரு பக்கம் சாய்ந்தால் அப்படியே நின்றது. சுழலும் இடத்துக்குக் கீழே கனம் இருந்தால்தான் தானாக நிமிரும். அதனால் போல்ட்டை வாளியின் வாய் மட்டத்துக்கு ஏற்றினேன். தட்டின் அடியில் 200 கிராம் இரும்பு எடைக்கல் ஒன்றையும் முடுக்கினேன். ஈயக்கட்டி கிடைத்தது, சாப்பாட்டுப் பாத்திரத்தின் பக்கத்தில் ஈயம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வேறு மாதிரி தொல்லை. போல்ட்டில் எண்ணெய் விட்டிருந்ததால் வாளி ரொம்ப லேசாக ஆடியது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஏழெட்டு ஆட்டம் ஆடித்தான் நிற்கும். முடுக்கினால் ஜீப்போடு சேர்ந்து விறைத்துக்கொண்டு சாயும், பழையபடி ஓரத்தில் வழியும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு இறுக்கம் வேண்டும். ரப்பர் வாஷர் போட்டேன், பிடித்துப் பிடித்து விட்டது. கடைசியில் கைகொடுத்தது சைக்கிள் பம்பில் போடும் தோல் வாஷர். அதை ராத்திரி முழுக்கத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, போல்ட் தலைக்கும் வளையத்துக்கும் நடுவில் வைத்து, கையால் முடிந்த மட்டும் முடுக்கி, அரைச் சுற்று தளர்த்தினேன். வாளியை விரலால் சாய்த்து விட்டால் ஒருமுறை அந்தப் பக்கம் போய், திரும்பி, நடுவில் வந்து நின்றுவிடும். இந்த அரைச் சுற்றுதான் என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையின் உயிர். வளையத்தை யார் வேண்டுமானாலும் பற்றவைக்கலாம். செய்து பார்க்கிறவர்கள் இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்.

சட்டத்தை முதலில் முன்சீட்டின் பின்தகட்டை ஒட்டி மாட்டியதும் தப்பு. போல்ட்டிலிருந்து வாளியின் அடி 22 செ.மீ. கீழே இருக்கிறது. 30 டிகிரி சாய்ந்தால் அடி 11 செ.மீ. நகரும், தகட்டில் போய் டங்கென்று மோதும். நடுவை ஒரு சாண் தள்ளி வைத்த பிறகுதான் எதிலும் படாமல் ஆடியது.

மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும் குலுக்கலுக்கு மட்டும் கிம்பலிடம் பதில் இல்லை. அது சாய்வைத்தான் பார்த்துக்கொள்ளும். சட்டத்துக்கும் ஜீப் தகட்டுக்கும் நடுவில் லாரி டியூப் துண்டுகளை நாலு மடிப்பாக வைத்தேன், பாதி குறைந்தது. மீதியை அம்மா தீர்த்தார். வாழையிலையை வாளி வாய் அளவுக்கு வட்டமாக நறுக்கி, கஞ்சி மேல் மிதக்க விட்டார். "தண்ணிக்குடத்துல எல போட்டுத்தானே தூக்கிட்டு வருவோம், மறந்துட்டியா?" என்றார். ஆமாம், சின்ன வயதில் குடத்து நீரில் வேப்பங்கொத்து மிதக்கப் பார்த்திருக்கிறேன். மேல்மட்டம் அலை கட்டாமல் இலை அமுக்கிவிடுகிறது. நிறைகுடம் தளும்பாது என்பதும் இதே கணக்குதான். கழுத்து வரை நிறைந்த குடத்தில் நீர் எழும்பி ஆட இடம் இருப்பதில்லை. பாதிக்குடத்தில் அகலமான வயிற்றுப்பகுதி முழுக்க அலைக்குத் திறந்திருக்கிறது.

ஐப்பசி முதல் வாரத்தில் இலை, தோல் வாஷர், டியூப் எல்லாம் சேர்த்து ஆட்களோடு முதல் ஓட்டம். விளிம்புக்கு ரெண்டு விரல் கீழே வரை கஞ்சி. புலியூத்து தாண்டி மழை பிடித்துக்கொண்டது, மேலே பனிமூட்டம். எதிரே வளைவில் திடீரென்று லாரி வந்து நான் முழு பிரேக் அடித்தேன். பின்னால் எல்லாரும் முன்னே சரிந்தார்கள். வாளி மட்டும் முன்பக்கமாகச் சாய்ந்து, மெதுவாக நிமிர்ந்து நின்றது. கொப்புளம் பட்ட அக்கா எட்டிப் பார்த்து, "சிந்தலப்பா!" என்றார். பூப்பாறையில் நிறுத்தியபோது சாயாக்கடைச் சேட்டன் குனிந்து பார்த்து, வளையத்தை ரெண்டு தடவை தட்டி ஆட்டிவிட்டு, "இது நம்ம உறியல்லே?" என்று கேட்டார். உறிதான் சேட்டா, கயிறு இல்லாத உறி என்றேன். கட்டன் சாயா கிளாஸை அவரே கூடைக்குள் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

அப்பா இலையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து ரெண்டு தம்ளர் குடித்தார். மூன்றாவதை மூடி வைத்தார், சாயங்காலத்துக்கும் இருக்கிறதே என்றார்.

நேற்று அந்த அக்கா, அவர் கொண்டுவரும் குழம்புத் தூக்குக்கும் சேர்த்து ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார். அவர் தூக்கு குட்டையானது, வாய் அகலம் 11 செ.மீ. குழம்பு கஞ்சியைவிட இளகல், அதிகம் தளும்பும். வளையத்துக்கு 13 செ.மீ. சல்லடை தேட வேண்டும். அடியில் 100 கிராம் கல் போதுமா, 200 வேண்டுமா என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.