போர்ட் பிளேயரில் இருட்டிவிட்டது

"இன்னாடா, கரண்ட் இல்லையா அங்க?"

போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஆயா கேட்டது. வீடியோவில் தம்பி முகமே தெரியவில்லை. பின்னால் ஒரு தெருவிளக்கு மட்டும்.

இங்கே தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் இன்னும் வெளிச்சம். காயப்போட்ட நெத்திலியைப் பார்த்தபடி தொட்டிமேல் ரெண்டு காக்கா. மணி சாயங்காலம் 5.30.

காலையில் நான்தான் அவனை மெட்ரோவில் கூட்டிக்கொண்டு போய் மீனம்பாக்கத்தில் விட்டு வந்தேன். அங்கிருந்து போர்ட் பிளேயர் வான்வழியில் சுமார் 1,370 கிலோமீட்டர். பறப்பது இரண்டே கால் மணி நேரம்தான். வீட்டைப் பூட்டியதிலிருந்து பிளேனில் உட்காரும்வரை ஆனது அதைவிட அதிகம் (செக்யூரிட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்கு நடந்த பஞ்சாயத்து தனி).

தாத்தா அந்தக் காலத்தில் நம்ம துறைமுகத்திலேயே கப்பல் ஏறிப் போனார். மூன்று நாள். அலையில் சோறு இறங்கவில்லையாம். ஆயாவுக்கு அந்தமான் என்றால் இன்னும் அந்த மூன்று நாள் தூரம்தான்.

ரெண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்று. ஆனால் போர்ட் பிளேயர் நமக்குக் கிழக்கே பன்னிரண்டரை டிகிரி தள்ளி. டிகிரிக்கு 4 நிமிடம் என்றால், சூரியன் அங்கே 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. மார்கழியில் ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம்.

ஆயாவிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டது. அப்புறம் போனைப் பிடுங்கி,

"இருட்டிடுச்சு இல்ல, துன்னுட்டுப் படுடா" என்றது.