மொன்ட் ரோயல் ஏறினன்

ஏப்ரல் 26, மொன்றியல்

குளிர் கொஞ்சம் விட்டிருக்கு, வாங்கம்மா மலைக்குப் போவம் எண்டு மகள் கூட்டிட்டுப் போனா. மலைதான், ஆனா சிட்டிக்கு நடுவில இருக்கிற பார்க். உயரம் 233 மீட்டர். மட்டக்களப்பில பொறந்து வளந்த எனக்கு ஏத்தம் எண்டா கல்லடிப் பாலத்து ஏத்தந்தான், குடும்பிமலையக் கூட தூரத்தில நிண்டுதான் பார்த்திருக்கன், அதால முழங்கால நினைச்சுப் பயமாத்தான் இருந்திச்சி.

கார்த்தியே எண்ட அந்தக் கால அரசியல் தலைவர்ட நினைவுத்தூணுக்குப் பின்னால ரோட்டு தொடங்குது. நியூயோர்க் சென்ட்ரல் பார்க்க வடிவமைச்ச ஓம்ஸ்டெட்தான் இந்தப் பார்க்கையும் வடிவமைச்சவர், 1876ல திறந்தது. குதிரை வண்டி போறதுக்கெண்டு மலைய வளைச்சு வளைச்சுப் போட்ட ரோட்டு, ஏறுறம் எண்டே தெரியல்ல. தடி ஊண்டின ஆக்கள், புள்ள வண்டில் தள்ளிட்டுப் போறவங்க எல்லாரும் ஏறுறாங்க. இதுதான் எனக்குப் பெரிய விசயமாப் பட்டிச்சி, மேல இருக்கிற காட்சி ஏலாத ஆக்களுக்கும் சொந்தம் எண்டு அப்பவே ஒருத்தர் யோசிச்சிருக்கார்.

மேப்பிள் மரத்தில இலை இன்னும் இல்ல, சின்னச் சின்ன சிவப்புப் பூ மட்டும். நிழல்ப் பக்கம் அழுக்குப் பனி கொஞ்சம் கிடக்கு. பாதியில வாங்கில இருந்துட்டு திரும்பிட்டம்.

மே 4

இண்டைக்கு மேல மட்டும் போய்ட்டன்!

வழியில காட்டுக்குள்ள வெள்ளைப் பூ, மூண்டு இதழ் மூண்டு இலை, ட்ரில்லியமாம். பெரிய மரமெல்லாம் இலை விட்டு நிழல் மூட முன்னம், கிடைக்கிற கொஞ்ச வெயில்லயே பூத்து முடிச்சிரணும் அதுக்கு. விதை விழுந்து பூக்க வருசக்கணக்கா எடுக்குமாம், பேரன் கிட்டப் போகப்போக மகள் கையப் புடிச்சு இழுத்துட்டே வந்தா.

உச்சிக்குக் கிட்ட பெரிய முற்றம், முழு சிட்டியும் தெரியுது, அங்கால சென் லோரன்ஸ் ஆறு. கொந்தியாரொங்க் எண்ட பேர் அந்த முற்றத்துக்கு. பூர்வீகக் குடித் தலைவர் ஒருத்தர்ட பேர், 1701ல பிரெஞ்சுக்காரரும் கிட்டத்தட்ட நாப்பது குடிகளும் சண்டைய விட்டு சமாதானம் செய்யப் பாடுபட்ட மனிசன். ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க ரெண்டு நாளைக்கு முன்ன காய்ச்சல்ல செத்துட்டாராம். நான் மறுகா மறுகா அவர்ட கதையத்தான் மருமகன்ட கேட்டுட்டு இருந்தன். சண்டைக்குள்ள சீவிச்ச எங்களுக்கு அந்த ரெண்டு நாள் எவ்வளவு பாரம் எண்டு விளங்கும்.

மே 11, ஞாயிறு

சிலுவையடிக்குப் போனம். 1924ல நட்ட இரும்புச் சிலுவை, 31 மீட்டருக்கு மேல. எங்கட பழைய கல்லடிப் பாலமும் அதே 1924தான், சொன்னதும் பேரனுக்குச் சரியான சந்தோசம். இறங்கி வர கீழ பொடியன்மார் மேளம் அடிக்கிறாங்க, சனம் புல்லுல இருந்து ஆடுது.

ஜூன் 8, கல்லடி

வெள்ளாப்புல பழைய பாலத்தில பக்கத்து வீட்டு மாமியோட நடந்தன். அவக்கும் மகன் மொன்றியல்லதான், வாங்க எண்டு கூப்பிடுறானாம், இந்தக் கால வெச்சிட்டு அங்க போய் என்னகா செய்ற எண்டு கேக்கிறா. நான் சொன்னன், மாமி, பீல் ஸ்ட்ரீட் பக்கத்தால கூட்டிட்டுப் போனா போயிராதீங்க, அது முழுக்கப் படி. நினைவுத்தூணுக்குப் பின்னால தொடங்கிற ரோட்டால போங்க, களைச்சா இருந்து இருந்து போங்க, மேல மட்டும் போயிரலாம்.