லேப்டாப்பை டிவியோடு இணைத்த கதை: படம் சுலபமாக வந்தது, சத்தம்தான் வேலை வாங்கியது

முழங்கால் வலி வந்த பிறகு அப்பாவால் கச்சேரிக்குப் போய் இரண்டரை மணி நேரம் உட்கார முடிவதில்லை. கும்பகோணத்தில் வீட்டில் இருந்தபடியே யூடியூபில் பழைய பதிவுகளைக் கேட்பார். மார்கழி வந்தால் சென்னை சபாக்களின் நேரலைகளையும் விடமாட்டார். லேப்டாப்பில் கேட்பதில் அவருக்கு ஒரே ஒரு பெரிய குறை. "வலந்தலை நன்னா கேக்கறது, தொப்பி கேக்கவே மாட்டேங்கறதேடா" என்பார். மிருதங்கத்தின் வலப் பக்கம் வலந்தலை, கனத்த ஒலி தரும் இடப் பக்கம் தொப்பி. அவர் சொன்னது முழுக்கச் சரி. லேப்டாப்பின் ஸ்பீக்கர் அவ்வளவு சின்னது; கனத்த கீழ் ஒலிகளை எழுப்ப அதற்குச் சக்தி கிடையாது. தொப்பியில் ரவைப் பசை அப்பி வாசிப்பதே அந்தக் 'கும்' என்ற நாதத்துக்காகத்தான். அது காதில் விழவில்லை என்றால் பாதி மிருதங்கம்தான் கேட்கிறோம்.

அதனால் லேப்டாப்பைக் கூடத்து டிவியோடு இணைத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். டிவி 32 இன்ச், பத்து வருடத்துக்கு மேலான எல்இடி. இணைய வசதி எதுவும் கிடையாது. புது ஸ்மார்ட் டிவி வாங்கிவிடலாமே என்று பலர் சொன்னார்கள். படம் பளிச்சென்று இருக்கும் டிவியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. இப்போது யோசித்தாலும் அந்த முடிவு சரியென்றே படுகிறது, ஏனென்றால் தேவைப்பட்டதெல்லாம் இரண்டு ஒயர்கள்தான்.

முதல் வேலை, டிவியின் பின்பக்கம் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்று பார்ப்பது. சுவரில் மாட்டிய டிவியின் பின்னால் தலையை நுழைக்க முடியாது. மொபைலில் ஃபிளாஷைப் போட்டு, கையைப் பின்னால் நீட்டி, நாலைந்து படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று ஏவி துளைகள். அதில் கேபிள் செட்டாப் பாக்ஸ் மாட்டியிருந்தது. அதை அடுத்து இரண்டு ஹெச்டிஎம்ஐ. நீல நிறத்தில் மூன்று வரிசைத் துளைகளோடு ஒரு விஜிஏ. ஓரத்தில் ஹெட்ஃபோன் துளை. இந்த ஹெட்ஃபோன் துளைதான் பிற்பாடு எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்தது.

அப்பாவின் லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ இருக்கிறது. அது இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். 2002-இல் வந்த அந்த இணைப்பு படத்தையும் ஒலியையும் ஒரே ஒயரில் கொண்டு போகும். கடையில் தங்க முலாம் பூசிய விலை கூடிய ஒயரைக் காட்டி, படம் இன்னும் தெளிவாக வரும் என்றார்கள். ஹெச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படம் முழுசாக வரும். சேரவில்லை என்றால் திரையில் புள்ளி புள்ளியாகச் சிதறும், அல்லது படம் விட்டுவிட்டுப் போகும். தங்கம் பூசியதால் நிறம் கூடப் போவதில்லை. இந்த மாதிரி 1920×1080 டிவிக்கு மூன்று மீட்டர் சாதாரண ஒயர் தாராளம். நீளத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. லேப்டாப் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பதால் மூன்று மீட்டராக வாங்கினேன்.

மாட்டும்போது இரண்டையும் அணைத்துவிட்டு மாட்டினேன். எங்கள் வீட்டில் கேபிள் ஒயரின் உலோக முனையைத் தொட்டால் சில சமயம் சுரீர் என்று இருக்கும். இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் உலோக உடம்பிலும் அந்தக் கூச்சம் தெரியும். அப்படி இருக்கும்போது இரண்டையும் ஓட விட்டபடி ஒயரைச் செருகுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் டிவியைப் போட்டு, ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் மாட்டினேனோ அந்த ஹெச்டிஎம்ஐயைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக லேப்டாப்பை ஓட விட்டேன். விண்டோஸ் சாவியையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் காட்டும்: லேப்டாப் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் சேர்த்து ஒரே நீளத் திரை, டிவி மட்டும். 'டூப்ளிகேட்' என்ற இரண்டாவதை அழுத்தியதும் டிவியில் படம் வந்துவிட்டது. அம்மா கை தட்டினார்.

படத்தில் சரிசெய்ய இரண்டு விஷயங்கள் இருந்தன. டிவியில் கீழே டாஸ்க் பாரின் பாதியைக் காணோம், ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. பழைய காலத்து ஒளிபரப்புப் பழக்கத்தில் டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களை மறைத்துவிடும். இதை லேப்டாப்பில் தேடாமல் டிவியின் மெனுவில், படத்தின் அளவு என்று இருக்கும் இடத்தில் தேட வேண்டும். எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதை மாற்றியதும் முழுப் படமும் உள்ளே வந்தது. இரண்டாவது, எழுத்துகள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தன. லேப்டாப் திரை 1366×768, டிவி 1920×1080. இரண்டிலும் ஒரே படம் வேண்டும் என்று கேட்டால் லேப்டாப் சின்ன அளவையே அனுப்புகிறது. டிவி அதை இழுத்துப் பெரிதாக்குகிறது. 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் டிவியின் முழு அளவுக்கே படம் போனது. பாடகரின் பட்டுப்புடவைக் கரையில் ஜரிகை தெரிகிறது என்றார் அம்மா.

சத்தம்தான் வரவில்லை. ஒரே ஒயர்தான் என்றாலும், படம் எங்கே போக வேண்டும், ஒலி எங்கே போக வேண்டும் என்பதை லேப்டாப் தனித்தனியாகத்தான் முடிவு செய்கிறது. படம் டிவிக்குப் போய்விட்டதே, சத்தமும் கூடவே போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. லேப்டாப்பில் வலது கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தினால் ஒலி இப்போது எதன் வழியாகப் போகிறது என்று காட்டும். விண்டோஸ் 10-இல் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். விண்டோஸ் 11-இல் ஒலி அளவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான். அதைத் திறந்தால் வரும் பட்டியலில் டிவியின் பெயர் இருக்க வேண்டும்.

எங்கள் பட்டியலில் அது இல்லை. பழைய 'சவுண்ட்' ஜன்னலைத் திறந்து, 'பிளேபேக்' பக்கத்தின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து, முடக்கி வைத்தவற்றையும் காட்டு என்று கேட்டேன். டிவி அங்கே மங்கலாக உட்கார்ந்திருந்தது. எப்போதோ யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள். 'எனேபிள்' செய்து, அதையே வழக்கமான ஒலி வழியாக வைத்ததும் பட்டியலில் வந்துவிட்டது. அங்கேயும் டிவி தெரியவில்லை என்றால் டிரைவரை, அதாவது அந்தந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளைப் பார்க்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ வழியாகப் போகும் ஒலியை கிராபிக்ஸ் சிப்தான் அனுப்புகிறது. 'டிஸ்ப்ளே ஆடியோ' என்ற மாதிரிப் பெயரில் அதற்குத் தனி டிரைவர் உண்டு. அதனால் ஒலிக்கான டிரைவரை மட்டும் புதுப்பித்துவிட்டுக் காத்திருப்பது வீண். கிராபிக்ஸ் டிரைவரையும் புதுப்பிக்க வேண்டும்.

அப்படியும் பிரவுசரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கச்சேரி வாய் திறக்கவில்லை. பிரவுசரை மூடித் திறந்ததும் பாட ஆரம்பித்தது. லேப்டாப்பில் ஒலியை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் டிவி ரிமோட்டிலேயே வைத்துக்கொண்டோம். அப்பாவுக்கு அது பழகிய பொத்தான்.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கரும் அப்படியொன்றும் பெரியதில்லை. கீழ்ப் பக்கம் பார்த்தபடி ஒட்டிக்கொண்டிருக்கும். குரல் நன்றாக வந்தது, தொப்பி அரைகுறையாகத்தான் வந்தது. வீட்டில் அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும் இருக்கின்றன, கேசட் காலத்துச் சொத்து. பின்னால், வெளியிலிருந்து ஒலியை வாங்கிக்கொள்ள, சிவப்பும் வெள்ளையுமாக ஆக்ஸ் துளைகள். ஒரு முனையில் ஹெட்ஃபோன் பின், மறுமுனையில் சிவப்பு வெள்ளை என்று பிரியும் ஒயர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். அதை வாங்கி, லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தோம். படம் ஹெச்டிஎம்ஐயில் டிவிக்கு, ஒலி தனியாக ஆம்ப்ளிஃபயருக்கு.

தொப்பி வந்தது. கூடமே அதிர்ந்தது. தாள வாத்தியங்கள் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. "சத்தம் முன்னாடி வர்றது, கை பின்னாடி விழறது. என்னடா இது?" பாட்டு ஓடும்போது எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. மிருதங்கத்தில் விரல் விழும் கணமும் 'சொல்', அதாவது அந்தத் தட்டின் ஒலி, எழும் கணமும் ஒன்றாக இருந்தாக வேண்டும்; கொஞ்சம் விலகினாலும் லயம் தெரிந்தவர் கண்ணுக்குத் தப்பாது. டிவி தனக்கு வரும் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு நேராகப் போன ஒலிக்கு அந்தத் தாமதம் இல்லை. அதனால் ஒலி முந்திக்கொள்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. டிவியில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போடலாம். மெருகேற்றும் வேலைகளை நிறுத்திவிட்டுப் படத்தை உடனே காட்டும், இடைவெளி வெகுவாகக் குறையும். இன்னொரு வழி, ஒலியையும் ஹெச்டிஎம்ஐயிலேயே டிவிக்கு அனுப்பி, டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு எடுப்பது. படத்துக்கு ஆகும் தாமதத்துக்கு ஏற்ப ஒலியையும் டிவியே நிறுத்தி வைத்து விடுகிறது. நாங்கள் இரண்டாவதைச் செய்தோம். ஹெட்ஃபோன் துளையில் ஒயர் போனதும் டிவியின் சொந்த ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. ரிமோட்டில் ஒலியைக் கூட்டினால் மரப்பெட்டிகளில் கூடியது. கையும் சொல்லும் ஒன்றாக விழுந்தன. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தாளத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்.

பென் டிரைவில் இருக்கும் பதிவுகளை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓட்டும்போது இந்த விலகல் வந்தால், ஜே, கே எழுத்துகளை அழுத்தி ஒலியை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம்.

பாட்டுக்கு நடுவே மௌனம் வரும்போது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் இருந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தேன், குறைந்தது. கேபிள் ஒயரைக் கழற்றிப் பார்த்தேன், இன்னும் குறைந்தது. கருவிகள் வெவ்வேறு பிளக்குகளில் இருந்து, ஒயர்களால் ஒன்றோடொன்று இணைக்கப்படும்போது அவற்றின் எர்த் மட்டங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் இப்படி இரைச்சலாக வரும். டிவி, ஆம்ப்ளிஃபயர், லேப்டாப் மூன்றையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாற்றினோம். கச்சேரி கேட்கும்போது கேபிள் ஒயரைக் கழற்றி வைக்கிறோம். இப்போது தம்புரா மட்டும்தான் ரீங்கரிக்கிறது.

மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். பவர் அமைப்புகளில், மூடியைச் சாத்தினால் எதுவும் செய்யாதே என்று மாற்றியும், சார்ஜரில் இருக்கும்போது தூங்காதபடி வைத்தும் விட்டேன். வெப்பம் வெளியேறும் பக்கம் மெத்தையிலோ துணியிலோ பதியாமல் பலகை மேல் வைக்கிறோம்.

இதைப் பார்த்துவிட்டு சித்தப்பாவும் தன் வீட்டில் செய்து தரச் சொன்னார். அவருடைய லேப்டாப் இன்னும் பழையது, நீல விஜிஏ மட்டும்தான். 1987-இல் வந்த விஜிஏவில் படம் மட்டுமே போகும், ஒலி போகாது. அவர் டிவியிலும் விஜிஏ இருந்ததால் ஒரு விஜிஏ ஒயர், அதோடு லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து டிவியின் பிசி ஆடியோ துளைக்கு ஓர் ஒயர் என்று வேலை முடிந்தது. டிவியில் விஜிஏ இல்லாதவர்கள் விஜிஏவிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்னப் பெட்டி வாங்க வேண்டும். யுஎஸ்பியில் மின்சாரமும், தனி ஒயரில் ஒலியும் எடுத்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு முனை மட்டும் உள்ள வெறும் ஒயர் இதற்கு உதவாது. என் புது லேப்டாப்பில் தலைகீழ்ப் பிரச்சினை, டைப் சி துளை மட்டும்தான். எல்லா டைப் சி துளையும் படத்தை அனுப்பாது. துளைக்குப் பக்கத்தில் டிபி (டிஸ்ப்ளேபோர்ட்) குறியோ மின்னல் குறியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடாப்டருக்குக் காசு கொடுங்கள்.

ஒயரே இல்லாமலும் அனுப்பலாம். விண்டோஸ் சாவியையும் கே எழுத்தையும் அழுத்தினால் ஒயரில்லாமல் படத்தை வாங்கிக்கொள்ளும் மிராகாஸ்ட் வசதி உள்ள டிவிகளைத் தேடும். தங்கை வீட்டில் போட்டுப் பார்த்தோம். செய்தி பார்க்க, போட்டோ காட்ட அருமை. தனி ஆவர்த்தனத்துக்கு நடுவே வைஃபை திக்கினால் அப்பாவுக்குத் தாங்காது. கச்சேரிக்கு ஒயர்தான் என் கட்சி.

டிவி, சோர்ஸ், லேப்டாப், ஸ்பீக்கர் குறி என்ற வரிசையை அம்மா ஒரு அட்டையில் எழுதி ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். இப்போது கனடாவில் இருக்கும் பேத்தியோடு வீடியோ கால் பேசுவதும் இதே டிவியில்தான். அதற்கு மட்டும் லேப்டாப் மூடியைத் திறந்தே வைக்க வேண்டும், கேமரா அங்கேதானே இருக்கிறது. ஜூம் போன்ற செயலிகள் ஸ்பீக்கரைத் தங்கள் அமைப்புக்குள் தனியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அதிலும் டிவியைப் போட்டுக்கொள்ளுங்கள்.