மக்தலேனாவில் படுத்திருக்கும் நம்ம சவேரியார்

மூளைக்காய்ச்சல் என்று என் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அம்மா கோட்டாறு சவேரியாரை விடவில்லை. பிள்ளை எழும்பிவிட்டால் நடந்து வந்து மெழுகுதிரி வைப்பதாக நேர்ச்சை. பிள்ளை எழும்பிவிட்டாள். ஆனால் அம்மா எங்களோடு அமெரிக்காவில், பீனிக்ஸில்; ஊர் திரும்ப ஜனவரி ஆகிவிடும். கடன் நிற்கிறதே என்று ராத்திரியெல்லாம் புலம்பல். கூட வேலை பார்க்கும், மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக்காரி ஒருத்திதான் வழி சொன்னாள். மெக்சிகோ எல்லையைத் தாண்டினால் மக்தலேனா தே கீனோ, அங்கே சவேரியார்தான் எல்லாம், அக்டோபர் 4 திருவிழா.

"அவருக்கு டிசம்பர் மூணுல்லா மக்ளே?" என்றாள் அம்மா.

சரிதான். அக்டோபர் 4 பிரான்சிஸ் அசிசியாருடைய நாள். 1767-ல் ஸ்பெயின் ராஜா சவேரியாரின் இயேசு சபையாரை விரட்டிவிட, அந்த இடத்துக்கு அசிசியாரின் பிரான்சிஸ்கன் சபைச் சாமியார்கள் வந்தார்கள். சுரூபம் சவேரியாருடையதாகவே இருக்க, தேதி மட்டும் அசிசியாருடையதாகிவிட்டது என்பார்கள். "நம்மாளுக்கு அடுத்தவரு நாளுல திருநாளா!" என்று அம்மாவுக்கு எல்லை தாண்டும்வரை ஆறவில்லை.

எல்லை ஊரான நோகாலேஸிலிருந்து தெற்கே தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம். வழிநெடுக ஜனம் நடக்கிறது. நடக்கிறவர்களில் யாக்கி பழங்குடியினரும் உண்டு, இயேசு சபையின் கீனோ சாமியார் வேதம் சொல்ல வருவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கும் ஓதாம் மக்களும் உண்டு. அம்மாவின் முழங்காலுக்குக் கடைசி 5 கிலோமீட்டர்தான் முடிந்தது. அதற்குள் வண்டி நிறுத்த ஒருத்தன் காசு வாங்கினான், அந்த இடம் தன்னுடையது என்று இன்னொருத்தன் வந்து மறுபடி வாங்கினான். ரிப்பன், மெழுகுதிரி, சீமைமாதுளை அல்வா என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. கோட்டாற்றுத் திருவிழாக் கடைத்தெருவே தேவலை.

கோவிலுக்கு முன்னால் சதுக்கத்தில், கண்ணாடிக்குக் கீழே கீனோ சாமியாரின் எலும்புகள். இளவயதில் சாகக்கிடந்தபோது சவேரியாருக்கு நேர்ந்துகொண்டவராம். பிழைத்ததும் பிரான்சிஸ்கோ என்று சவேரியாரின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். சவேரியாரைப் போலக் கிழக்கே போகத்தான் ஆசை. சீட்டுப் போட்டதில் கூட வந்தவருக்குப் பிலிப்பைன்ஸ், இவருக்கு மெக்சிகோ. 1687-ல் இந்தப் பாலைக்கு வந்து சேர்ந்தார். 1711 மார்ச்சில் இதே ஊரில் சவேரியாருக்கு ஒரு சிற்றாலயம் அர்ச்சிக்க வந்தவர் பூசை நடுவிலேயே நோய்ப்பட்டு, அன்றிரவே போய்விட்டார். ஆலயம் இடிந்தது, கல்லறையும் மறந்துபோனது; 1966-ல்தான் தோண்டி எடுத்தார்கள். ஊர்ப்பெயரில் 'கீனோ' ஒட்டிக்கொண்டது அப்போதுதான். அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "நேர்ச்சக்காரரு" என்றாள். நகரவே இல்லை.

வரிசை மூன்று மணி நேரம். வெயில். இடையில் புகுந்த குடும்பத்தைத் தட்டிக் கேட்டால் ஸ்பானிஷில் ஆசீர்வாதம்தான் கிடைத்தது. மகள் என் இடுப்பில் தூங்கிவிட்டாள்.

உள்ளே அவர் படுத்திருக்கிறார். நான் நின்ற சுரூபத்தையே நினைத்துக்கொண்டு போயிருந்தேன். 2014-ல் கோவாவில் பேழைக்குள் கிடத்தியிருக்கும் அவர் உடலைப் பார்த்த அம்மாவுக்கோ பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. 1542-ல் நம் முத்துக்குளித்துறையில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தவர், இந்த ஊர்ப்பக்கம் வந்ததே இல்லை. பழைய சுரூபத்தை 1934-ல், கோவில்களை மூடிய அரசாங்கம் எடுத்துப்போய் எரித்துவிட்டது. இப்போது இருப்பது புதிது. அந்த வித்தியாசமெல்லாம் அங்கே யார் பார்க்கிறார்கள்? தலைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கவேண்டும். மனதில் கறை இருந்தால் தலை எழும்பாதாம். எனக்கு முன்னால் நின்ற தாத்தா தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார்.

அம்மா என்னிடமிருந்து பிள்ளையை வாங்கவில்லை, செபமும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் அவர் தலையை ஏந்தினாள், காய்ச்சலில் மகளுக்குத் தண்ணீர் கொடுக்க நான் ஏந்திய மாதிரியே. பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். அவள் கேட்கவில்லை. அய்யா, சவேரியாரே, என் பிள்ளையைத் தந்தீரே. அந்த நேரம் நான் வேறென்ன சொன்னேனோ, எந்த மொழியில் சொன்னேனோ.

திரும்பும்போது எல்லையில் வண்டிகள் அசையவில்லை. அம்மா சித்திக்குப் போன் போட்டாள். மகளின் கையில் கட்டிய பச்சை ரிப்பனைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "தூக்கிப் பாத்துட்டேன் பிள்ள. கனமே இல்ல."